பதினோரு நாளில் 5,739 கோடி: திருத்திய மதிப்பீட்டை நம்பிப் பத்தாண்டுக் கணக்குப் போடலாமா?

கணக்குப்பிள்ளை:
‘முன்னோக்கி’ என்ற நண்பர் வேறொரு இழையில் ஓர் அட்டவணை போட்டிருக்கிறார். தமிழ்நாட்டின் 2024-25 திருத்திய மதிப்பீட்டை, அதாவது ஆண்டு முடியுமுன் அரசு திருத்திப் போடும் எண்களை, எடுத்துக்கொண்டார். வருவாய் வரவு 2,93,906 கோடி, வருவாய்ச் செலவு 3,40,374 கோடி. வரவு ஆண்டுக்கு 12 சதவீதம், செலவு 10 சதவீதம் வளரும் என்று எக்செல்லில் இழுத்துவிட்டு, “2033-34ல் வருவாய்ப் பற்றாக்குறை தானாகவே மறைந்துவிடும்” என்று எழுதிவிட்டார். படித்ததிலிருந்து பொறுக்க முடியவில்லை.

பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் கணக்கு, மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, அடுத்த ஆண்டு மதிப்பீடு என்று பத்திகள் (நெடுவரிசைகள்) இருக்கும். அவற்றில் நடந்து முடிந்தது கணக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் எதிர்பார்ப்பு. 2022-23ஐப் பாருங்கள். 2023 மார்ச் 20 அன்று சட்டமன்றத்தில் வைத்த திருத்திய மதிப்பீட்டில் வருவாய்ப் பற்றாக்குறை 30,476 கோடி. ஆண்டு முடிய பதினோரு நாள்தான் பாக்கி. கணக்கு முடிந்து வந்தபோது அது 36,215 கோடி. வித்தியாசம் 5,739 கோடி. பதினோரு நாள் தள்ளி இருப்பதையே சரியாகச் சொல்லாத ஒரு பத்தியின்மேல் ஒன்பது வருடக் கட்டடம் கட்டலாமா?

முன்னோக்கி:
ஐயா, என் பெயரைச் சொல்லித் தனி இழை தொடங்கியதற்கு நன்றி. பாதியைச் சொல்லிவிட்டு மீதியை மறைத்துவிட்டீர்கள். 5,739 கோடி என்றால் பெரிதாகத்தான் தெரியும். பிரித்துப் பாருங்கள்.

வரவு: திருத்திய மதிப்பீடு 2,45,660 கோடி, கணக்கு 2,43,749 கோடி. 1,911 கோடி குறைவு. 0.8 சதவீதம்.
செலவு: திருத்திய மதிப்பீடு 2,76,136 கோடி, கணக்கு 2,79,964 கோடி. 3,828 கோடி கூடுதல். 1.4 சதவீதம்.

பற்றாக்குறை என்பது இரண்டு பெரிய எண்களைக் கழித்து மிஞ்சுவது. மேலே ஒன்றும் கீழே ஒன்றரையும் விலகினால், மிஞ்சும் எண் 19 சதவீதம் விலகும். அது கழித்தலின் இயல்பு, மதிப்பீட்டின் குற்றமல்ல. எந்தக் குடும்பத்திலாவது மாதச் செலவை ஒன்றரை சதவீதத்துக்குள் சரியாகச் சொல்ல முடியுமா?

தாமிரபரணி:
குடும்பத்துக்கும் அரசாங்கத்துக்கும் வித்தியாசம் தெரியாதவங்கதான் ஒன்பது வருசக் கணக்குப் போடுறாங்க. குடும்பத்துல மாநிலக் கணக்கை எழுதுற தலைமைக் கணக்காயர் இல்ல, கருவூலம் இல்ல, ஒவ்வொரு பில்லுக்கும் கணக்குத் தலைப்பு போட்டு உள்ளே ஏத்துற கணினி முறையும் இல்ல. அரசாங்கத்துக்கிட்ட எல்லாம் இருக்கு. இருந்தும் பதினோரு நாள்ல 5,739 கோடி.

முன்னோக்கி:
தாமிரபரணி, திருத்திய மதிப்பீடு மார்ச் 20 காலையில் உட்கார்ந்து எழுதுவதல்ல. துறைத் தலைவர்கள் தங்கள் மதிப்பீட்டை நிதித்துறைக்கு மாதக்கணக்குக்கு முன்பே அனுப்பிவிடுகிறார்கள். கையில் இருப்பது முதல் ஏழெட்டு மாதச் செலவு. மீதி மாதங்களுக்குப் போன வருடம் அதே மாதங்களில் எவ்வளவு போனது என்ற விகிதத்தைப் போடுவார்கள். பிறகு நிதித்துறை துறையோடு பேசிக் குறைக்கும். அச்சுக்குப் போகுமுன் எண்கள் உறைந்துவிடும். ஆக அது நாலு மாதக் கணிப்பு. பதினோரு நாள் என்று சொல்வது ஏமாற்று.

கணக்குப்பிள்ளை:
ஏமாற்று என்ற சொல்லைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். சட்டமன்றத்தில் வைத்த தேதி மார்ச் 20. ஆண்டு முடியும் தேதி மார்ச் 31. பதினோரு நாள். இதில் எங்கே ஏமாற்று?

உங்கள் நாலு மாத வாதத்தையே எடுத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தப் பத்தியை வைத்து முன்கணிப்புப் போடக் கூடாது என்பது இன்னும் உறுதியாகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், சொல்கிறேன்.

ஒன்று, ஒன்றிய அரசின் பங்களிப்போடு நடக்கும் திட்டங்கள். துறைகள் தங்களுக்கு வர வேண்டிய தொகை முழுவதையும் வரவில் எழுதிவிடும். பணம் வருவது முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் போனால்தான், மாநிலப் பங்கு போட்டால்தான், சில சமயம் அரசியல் ஒத்துப்போனால்தான். 2024-25ல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு வர வேண்டிய 2,152 கோடி நிறுத்தப்பட்டது ஊரறிந்த விஷயம். ஆசிரியர் சம்பளத்தை நிறுத்த முடியாது, செலவு நடந்துவிடும். வரவு மட்டும் காணாமல் போகும். இரண்டு பக்கத்தில் ஒரு பக்கம் மட்டும் ஆடும்.

இரண்டு, ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரியின் (மாநிலம் விட்டு மாநிலம் நடக்கும் வணிகத்தின்மேல் ஒன்றிய அரசு வசூலிப்பது) மாநிலப் பங்கு. வழக்கமான மாதத் தீர்வோடு, அதாவது பங்கு பிரித்துக் கொடுப்பதோடு, அவ்வப்போது தற்காலிகத் தீர்வும் வரும், பிறகு சரிக்கட்டிக் கழித்தும் கொள்வார்கள். அது எந்த ஆண்டில் விழும் என்பது சென்னையின் கையில் இல்லை.

மூன்று, மார்ச் மாதம். ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்று பயந்து கடைசி வாரத்தில் பில் குவியும். வேலை முடியாவிட்டாலும் பணத்தை எடுத்து வைப்புக் கணக்கில் போட்டு வைப்பார்கள். தொகுப்பு நிதியிலிருந்து, அதாவது அரசின் முதன்மைக் கஜானாவிலிருந்து, வெளியேறிவிட்டதால் புத்தகத்தில் அது செலவு. உண்மையில் அரசின் இன்னொரு பையான பொதுக் கணக்கில் தூங்கும் பணம். தணிக்கை அறிக்கைகள் இதை விடாமல் சுட்டிக்காட்டுகின்றன.

இந்த மூன்றும் உள்ளே இருக்கும் எண்ணைத்தான் 1.12ஆல் ஒன்பது முறை பெருக்கியிருக்கிறீர்கள்.

மேட்டூர்மதகு:
முதலில் ‘மதிப்பீடு’ என்றால் என்ன, ‘முன்கணிப்பு’ என்றால் என்ன என்று வரையறுத்துக்கொண்டு பேசலாமே? பட்ஜெட் மதிப்பீடு என்பது செலவு செய்யச் சட்டமன்றம் தரும் அனுமதி வரம்பு. முன்கணிப்பு என்பது என்ன நடக்கும் என்ற ஊகம். இரண்டும் வேறு. இதைப் பிரிக்காமல் பேசினால்

தாமிரபரணி:
வரையறை எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் மதகு அண்ணே. 5,739 கோடிக்குப் பதில் வரட்டும் முதல்ல.

முன்னோக்கி:
பதில் வருகிறது. 2022-23 ஒரே ஆண்டைப் பிடித்துத் தொங்குகிறீர்களே, அடுத்த ஆண்டை ஏன் தொடவில்லை? 2024 பிப்ரவரி 19 அன்று வைத்த 2023-24 திருத்திய மதிப்பீட்டில் வருவாய்ப் பற்றாக்குறை 44,907 கோடி. கணக்கு 45,121 கோடி. வித்தியாசம் 214 கோடி! ஆண்டு முடிய 41 நாள் இருக்கும்போது சொன்னது. கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு இந்த எண் கண்ணில் படவே இல்லையா, பட்டும் விட்டுவிட்டாரா? 41 நாளில் 214 கோடி. இதைவிடத் துல்லியம் எங்கே கிடைக்கும்?

கணக்குப்பிள்ளை:
இதை நீங்கள் எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். பற்றாக்குறையைக் காட்டிவிட்டு வரவையும் செலவையும் காட்டவில்லை. போன பதிவில் “பிரித்துப் பாருங்கள்” என்று எனக்குப் பாடம் எடுத்தவர் நீங்கள். இப்போது நான் பிரிக்கிறேன்.

2023-24 வரவு: திருத்திய மதிப்பீடு 2,72,577 கோடி. கணக்கு 2,64,597 கோடி. 7,980 கோடி குறைவு.
2023-24 செலவு: திருத்திய மதிப்பீடு 3,17,484 கோடி. கணக்கு 3,09,718 கோடி. அதுவும் 7,766 கோடி குறைவு.

இரண்டு பக்கமும் எட்டாயிரம் கோடி அளவுக்குத் தவறு. ஒரே திசையில் தவறியதால் கழித்தபோது 214 ஆகத் தெரிகிறது. இதைத் துல்லியம் என்று சொல்கிறீர்கள். வரவு வராது என்று தெரிந்ததும் கடைசி மாதங்களில் செலவை இறுக்கிவிட்டால் பற்றாக்குறை நிற்கும். பில்லை அடுத்த ஏப்ரலுக்குத் தள்ளலாம், மானியத் தவணையை நிறுத்தி வைக்கலாம். அந்தச் செலவு காணாமல் போகாது, அடுத்த ஆண்டு வாசலில் வந்து நிற்கும்.

பத்தாண்டுக் கணக்குக்கு இதனால் என்ன கேடு என்று பாருங்கள். 2024-25 பட்ஜெட்டில் வரவு 2,99,010 கோடி என்று போட்டார்கள். திருத்திய மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் அது 9.7 சதவீத வளர்ச்சி, நியாயமாகத் தெரியும். கணக்கோடு ஒப்பிட்டால் 13 சதவீதம். அதே எண்தான். அடிப்படை கீழே இறங்கியதால் ஏற வேண்டிய ஏணி நீண்டுவிட்டது. ஆண்டுக் கடைசியில் வரவு 2,93,906 கோடி என்று அவர்களே திருத்திக்கொண்டார்கள். அந்தத் திருத்தியதைத்தான் நீங்கள் அடித்தளமாக வைத்திருக்கிறீர்கள்.

முன்னோக்கி:
பில்லைத் தள்ளினார்கள் என்பதற்கு ஆதாரம்? துறைகள் எப்போதுமே கூடுதலாகக் கேட்டு வாங்கிச் செலவழிக்காமல் ஒப்படைக்கும். தணிக்கை அறிக்கைகளில் ‘சேமிப்பு’ என்று பக்கம் பக்கமாக வருவது அதுதான். ஆண்டு நடுவில் துணை மானியக் கோரிக்கையில் கூடுதல் ஒதுக்கீடு வாங்கி, ஆண்டுக் கடைசியில் இறுதித் திருத்திய ஒதுக்கீட்டில் திருப்பிக் கொடுப்பார்கள். 7,766 கோடி குறைந்ததற்கு அதுவே போதும். நீங்கள் ஊகத்தை உண்மை போல எழுதுகிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
“தள்ளலாம்” என்று எழுதினேன், “தள்ளினார்கள்” என்று எழுதவில்லை. படித்துவிட்டுப் பதில் எழுதவும். எந்தக் காரணமானாலும் திருத்திய மதிப்பீடு 7,766 கோடி அதிகம் சொன்னது என்பதை நீங்களே இப்போது ஒத்துக்கொண்டுவிட்டீர்கள்.

முன்னோக்கி:
எதையும் ஒத்துக்கொள்ளவில்லை.

தாமிரபரணி:
பதினோரு நாளுக்குப் பதில் இன்னும் வரல.

நாலாம்பிறை:
ஒரு சிறு திருத்தம். மார்ச் 20ஐயும் சேர்த்தால் பன்னிரண்டு நாள். அன்று அலுவலகம் நடந்தது, கருவூலமும் திறந்திருந்தது.

தாமிரபரணி:
20ஆம் தேதி உரை வாசிச்ச நாள். வாசிச்ச நாளை எப்படிச் சேர்ப்பீங்க? 21லிருந்து 31 வரை எண்ணிப் பாருங்க. பதினொன்னு.

நாலாம்பிறை:
உரை காலையில் முடிந்துவிட்டது. மத்தியானம் பில் பாஸ் ஆகாதா? பன்னிரண்டு.

வட்டிவீதம்:
நாள் எண்ணுவதை நிறுத்திவிட்டு, இந்த விவாதத்தில் யாருமே தொடாத ஒன்றைப் பாருங்கள். அடிப்படை பெரிதா, வளர்ச்சி வீதம் பெரிதா என்று கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

2023-24 பட்ஜெட்டில் வரவு 2,70,515 கோடி. வந்தது 2,64,597 கோடி. குறைந்தது 5,918 கோடி. இதில் எவ்வளவு அடிப்படையின் தவறு? முந்தைய ஆண்டின் திருத்திய மதிப்பீட்டின்மேல் 10.1 சதவீத வளர்ச்சி வைத்திருந்தார்கள். அதே வீதத்தை 2,43,749 என்ற உண்மைக் கணக்கின்மேல் வைத்தால் 2,68,411 வரும். ஆக அடிப்படையால் வந்த பிழை 2,104 கோடி. மீதி 3,814 கோடி, வரவு உண்மையில் 8.6 சதவீதமே வளர்ந்ததால் வந்தது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் அடிப்படை, மூன்றில் இரண்டு வளர்ச்சி வீதம். இது ஒரே ஆண்டில். வருடம் ஏற ஏற அடிப்படைப் பிழை அதே விகிதத்தில் நிற்கும், வீதப் பிழை மட்டும் கூடிக்கொண்டே போகும்.

முன்னோக்கியின் அட்டவணையிலேயே சோதித்துப் பாருங்கள். வரவு அடிப்படையை மட்டும் 2.9 சதவீதம் (2023-24ல் வரவுத் திருத்திய மதிப்பீடு தவறிய அளவு) குறைத்தால் பற்றாக்குறை மறையும் ஆண்டு 2033-34லிருந்து 2034-35க்குப் போகும். ஒரு வருடம். அடிப்படையைத் தொடாமல் வளர்ச்சியை 12லிருந்து 11 ஆக்கினால் 2041-42க்குப் போகும். எட்டு வருடம். 2023-24ல் நடந்ததுபோல 8.6 என்று வைத்தால் செலவின் 10ஐ அது எட்டவே எட்டாது, பற்றாக்குறை விரிந்துகொண்டே போகும். ஆக நீங்கள் இருவரும் சின்னப் பிழையைப் பிடித்துச் சண்டை போடுகிறீர்கள்.

முன்னோக்கி:
வட்டிவீதம் சொன்னதைக் கேட்டீர்களா கணக்குப்பிள்ளை ஐயா? அடிப்படை சின்னப் பிழையாம். நான் சொன்னது சரி என்று ஆகிவிட்டது.

வட்டிவீதம்:
உங்கள் 12 சதவீதம் தவறு என்றுதான் நான் எழுதினேன்.

முன்னோக்கி:
12 சதவீதம் வானத்திலிருந்து வரவில்லை. 2025-26 பட்ஜெட்டே வரவை 3,31,569 கோடி என்று போட்டிருக்கிறது. அது 12.8 சதவீதம். நான் குறைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
12.8 சதவீதம் எதன்மேல்? திருத்திய மதிப்பீட்டின்மேல். மறுபடி அதே பத்தி. எதிர்பார்ப்பின்மேல் எதிர்பார்ப்பை வைத்து, அதையே உங்கள் வீதத்துக்குச் சான்றாகவும் காட்டுகிறீர்கள். வட்டிவீதம் அவர்களே, அடிப்படையையும் வளர்ச்சியையும் நீங்கள் பிரித்தது அழகுதான், ஆனால் வளர்ச்சி வீதமே அடிப்படையிலிருந்துதான் பிறக்கிறது. கணக்கிலிருந்து கணக்குக்கு அளந்தால் 2023-24 வளர்ச்சி 8.6. திருத்திய மதிப்பீட்டிலிருந்து திருத்திய மதிப்பீட்டுக்கு அளந்தால் 11. இந்த இரண்டரைப் புள்ளியும் அந்தப் பத்தி தந்த போலி வளர்ச்சி. ஆகவே சிக்கல் ஒன்றுதான், இரண்டல்ல.

வட்டிவீதம்:
இரண்டுதான். நீங்கள் சொல்வது இரண்டாவது தவறு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு காரணம், அவ்வளவுதான். 2017 ஜூலையிலிருந்து ஐந்து ஆண்டுக்குச் சரக்கு சேவை வரியில் 14 சதவீத வளர்ச்சி உறுதி என்று சட்டமே இருந்தது. 2015-16 அடிப்படை ஆண்டு, குறைந்தால் இழப்பீடு. 2022 ஜூன் 30ல் அது முடிந்தது. அதற்குமுன் பார்த்த வளர்ச்சியை அதற்குப்பின் நீட்டினால் அடிப்படை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தவறத்தான் செய்யும். அங்கே எந்தப் பத்தியும் குற்றவாளி இல்லை.

கணக்குப்பிள்ளை:
ஒன்றுதான்.

சார்நிலை:
வணக்கம். செலவுப் பக்கத்தை எல்லோரும் 10 சதவீதம் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். கருவூலப் பக்கம் கொஞ்சம் பாருங்கள். செலவு ஒரே சாய்வாக ஏறாது, மேடு பள்ளமாக வரும்.

ஓய்வு வயது 2020 மேயில் 58லிருந்து 59, 2021ல் 60 ஆனது. 2020 ஏப்ரல் 30ல் 58 முடிந்து போனவர்கள்தான் கடைசி அணி. அதற்கடுத்தவர்கள் 2022 மே 31ல்தான் வெளியே வந்தார்கள். இடையில் இருபத்து நான்கு மாதம், முன்பே 60 வயது வரை இருந்த அடிப்படைப் பணியாளர்கள் போன்றோரைத் தவிர, வயது முதிர்வால் யாரும் ஓய்வு பெறவில்லை. பணிக்கொடை, ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொகுத்துப் பெறும் மொத்தத் தொகை, ஈட்டிய விடுப்புக்கான பணம், இவையெல்லாம் ஓய்வு பெறும் அன்று ஒரே மூச்சில் எழும். அந்த இரண்டு ஆண்டுக் கணக்கில் இவை அனேகமாக இல்லை. 2022-23ல் திரும்ப வந்துவிட்டன. 2021-22ஐ அடிப்படையாக வைத்து 2071 தலைப்புக்கு, அதாவது ஓய்வூதியத்துக்கு, வளர்ச்சி வீதம் எடுத்தால் கண்டபடி வரும். அது ‘கணக்கு’ப் பத்திதான், திருத்திய மதிப்பீடு இல்லை. கணக்குப் பத்தியும் ஏமாற்றும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தாமிரபரணி:
வயசை ஏத்துனதுல அரசுக்கு மிச்சம்தானே?

சார்நிலை:
மிச்சம் இல்லை, தள்ளிப்போட்டது. ஓய்வூதியம் கொடுக்க வேண்டிய இரண்டு வருடத்துக்கு உச்சச் சம்பளம் கொடுத்தார்கள். இளையவர் ஒருவர் அந்த இடத்துக்கு வந்திருந்தால் அவர் சம்பளம் அதில் பாதிகூட வராது. மொத்தத் தொகையும் இரண்டு வருடம் கழித்து, கூடிய சம்பளத்தின்மேல், கூடிய அகவிலைப்படியின்மேல் கணக்கிடப்பட்டது.

தாமிரபரணி:
அந்த ரெண்டு வருசம் கையிருப்புல பணம் நின்னுச்சா இல்லையா? கொரோனா நேரத்துல அது பெரிய உதவி. மிச்சம்தான்.

சார்நிலை:
கடனைத் தள்ளி வைத்தால் அதற்குப் பெயர் மிச்சமா, தம்பி?

முன்னோக்கி:
சார்நிலை ஐயாவுக்கு நன்றி. இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். கணக்குப்பிள்ளை ஐயா தலைமேல் வைத்துக் கொண்டாடும் ‘கணக்கு’ப் பத்தியின் லட்சணத்தை இன்னொரு இடத்திலும் பாருங்கள். அவர் சொல்கிறபடி 2023-24 கணக்கை அடிப்படையாக வைப்போம். மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது 2023 செப்டம்பர் 15. 1.06 கோடிப் பேருக்கு மாதம் ஆயிரம். மாதம் 1,060 கோடி. அந்த ஆண்டுக் கணக்கில் இருப்பது செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏழு மாதம், ஏறத்தாழ 7,420 கோடி. முழு ஆண்டுக்கு 12,720 கோடி. 5,300 கோடிச் செலவு அவர் அடிப்படையில் இல்லவே இல்லை! 2024-25 பட்ஜெட்டில் இதற்கு 13,720 கோடி வைத்ததைப் பார்த்தாலே தெரியும். என் பத்தியில் 5,739 தப்பு என்று ஊரைக் கூட்டினார். அவர் பத்தியில் 5,300. இப்போது யார் கட்டடம் சாய்கிறது?

கணக்குப்பிள்ளை:
இதற்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஏழு மாதம் இருக்கிறது என்று கணக்கிலிருந்தே தெரிகிறது. எந்தத் தலைப்பில், எந்த மாதத்திலிருந்து, எவ்வளவு என்று எடுத்து முழு ஆண்டாக்கிவிடலாம். நீங்களே நாலு வரியில் செய்துகாட்டிவிட்டீர்கள். அடிப்படை ஆண்டைச் சுத்தம் செய்வது என்பது இதுதான். பாதி ஆண்டுத் திட்டங்களை முழு ஆண்டாக்கு. சம்பளத்தில் அகவிலைப்படி எந்த மாதம் ஏறியது என்று பார். 2022 ஜனவரியில் 17லிருந்து 31 ஆகத் தாவியது, 2021-22 கணக்கில் அந்தத் தாவல் கடைசி மாதங்களில்தான் இருக்கும். ஒரே தடவைச் செலவுகளைக் கழி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கும் தென்மாவட்ட வெள்ளத்துக்கும் கொடுத்த நிவாரணம் அப்படிப்பட்டது. மின்பகிர்மானக் கழகத்தின் இழப்பை ஈடுகட்டிய 17,117 கோடியைத் தனி வரியாக வெளியே எடு. ஏனென்றால் அது கட்டண உயர்வையும், மாநில உற்பத்தியில் கூடுதல் அரை சதவீதக் கடனுக்கு ஒன்றிய அரசு வைத்த நிபந்தனையையும் பொறுத்து ஆடும், 10 சதவீதம் என்று வளராது.

திருத்திய மதிப்பீட்டில் இந்த வேலையைச் செய்ய முடியுமா? முடியாது. எந்தத் தலைப்பில் எவ்வளவு ஊதிப் போட்டிருக்கிறது என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. ஆண்டு முடிந்து கணக்கு வந்தபின்தான் தெரியும். கணக்கில் இருப்பது தெரிந்த குறை. திருத்திய மதிப்பீட்டில் இருப்பது தெரியாத குறை.

முன்னோக்கி:
அதாவது உங்கள் பத்தியில் தப்பு இருந்தால் அதற்குப் பெயர் ‘சுத்தம் செய்வது’. என் பத்தியில் இருந்தால் ‘சாயும் கட்டடம்’.

மணற்கேணி:
இருவருமே ‘ஒன்றிய அரசு’ விஷயத்தில் தெளிவாக இல்லை. மத்திய அரசு நிறுத்திய தொகையை மாநிலத்தின் கணிப்புப் பிழை என்று எழுதுவது

தாமிரபரணி:
ஒன்றிய அரசுன்னு சொல்லுங்க.

மணற்கேணி:
எது சொன்னாலும் பணம் வரவில்லை என்பதுதான் விஷயம். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கும் அதுதான் நடந்தது. 63,246 கோடித் திட்டம். 2024 அக்டோபர் வரை மத்தியத் திட்டமாக ஒப்புதல் இல்லாமல் மாநிலம் தன் கடன் வரம்பிலேயே தாங்கியது. எந்த முன்கணிப்பில் அந்தத் தேதியை எழுதியிருக்க முடியும்?

வட்டிவீதம்:
மெட்ரோ போன்ற மூலதனச் செலவு வருவாய்ப் பற்றாக்குறையில் வராது. அதற்காக வாங்கிய கடனின் வட்டி வரும். இங்கே எல்லோரும் வருவாய்ப் பற்றாக்குறை மறையும் நாளையே பேசுகிறீர்கள். 2026 மார்ச் 31ல் நிலுவைக் கடன் 9,29,959 கோடி இருக்கும் என்று 2025-26 பட்ஜெட்டே சொன்னது, மாநில மொத்த உற்பத்தியில் 26.07 சதவீதம். செலவை மொத்தமாக 10 சதவீதம் வளர்க்கும் ஆள் வட்டியை எங்கே வைத்தார்? வட்டி முந்தைய ஆண்டுகளின் நிதிப் பற்றாக்குறையிலிருந்து (கடன் வாங்கி நிரப்பும் மொத்தத் துண்டிலிருந்து) வருவது. அதைத் தனியாகப் போட வேண்டும்: ஆண்டுத் தொடக்கக் கடன், அதன்மேல் சராசரி வட்டி, புதுக்கடனுக்குப் பாதி ஆண்டு வட்டி. அப்புறம் முதிர்வு, அதாவது அசலைத் திருப்ப வேண்டிய நாள். மாநில வளர்ச்சிக் கடன் பத்திரத்தில் அசல் முழுவதும் கடைசி நாளில்தான் திரும்பும். 2020-21ல் தமிழ்நாடு சந்தையில் 87,000 கோடிக்கும் மேல் எடுத்தது. அதில் பத்தாண்டுப் பத்திரமாக விற்றது 2030-31ல் வாசலுக்கு வரும். நீண்ட காலப் பத்திரமாக விற்றது பிறகு வரும். அந்த ஆண்டு அசலைத் திருப்பவே புதுக்கடன் வாங்க வேண்டும், என்ன வட்டிக்கு வாங்குகிறோமோ அது அடுத்த பத்து வருடத்தைத் தீர்மானிக்கும். இந்த முதிர்வுப் படிக்கட்டு இல்லாத பத்தாண்டுத் தாள் எதற்கு?

கணக்குப்பிள்ளை:
சரியான கேள்வி. முன்னோக்கியிடம் கேளுங்கள்.

வட்டிவீதம்:
உங்களையும் சேர்த்துத்தான் கேட்டேன். நீங்களும் இதுவரை ஒரு வரி வட்டி எழுதவில்லை.

கணக்குப்பிள்ளை:
இழையின் தலைப்பு திருத்திய மதிப்பீடு. வட்டிக்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே எழுதுகிறேன்.

மேட்டூர்மதகு:
இன்னொரு முறை கேட்கிறேன். தமிழ்நாடு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் 2003ன்படி பட்ஜெட்டோடு நடுத்தர கால நிதித் திட்டம் வைக்க வேண்டும். அதில் வரும் ஆண்டுகளின் எண்கள் இலக்கா, கணிப்பா? இலக்கு என்றால் தவறுவது ஒரு பொருள். கணிப்பு என்றால் தவறுவது வேறு பொருள். இதைத் தீர்க்காமல் 5,739ஐ எப்படி மதிப்பிடுவீர்கள்?

முன்னோக்கி:
நல்ல சான்று கொடுத்தீர்கள் மதகு. அந்தத் திட்டமே திருத்திய மதிப்பீட்டின்மேல்தான் கட்டப்படுகிறது! பட்ஜெட் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். அந்த ஆண்டின் தணிக்கைக்கு முந்திய கணக்குக்கூட மே மாதவாக்கில்தான் தலைமைக் கணக்காயரிடமிருந்து வரும். அரசாங்கத்துக்கே வேறு வழி இல்லாதபோது எனக்கு மட்டும் ஏன் தடை?

கணக்குப்பிள்ளை:
அரசாங்கத்துக்குத் தேதிக் கட்டாயம். ஏப்ரல் 1க்குமுன் செலவு அனுமதி வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் முன்பண மானியம் (முழு பட்ஜெட் நிறைவேறும்வரை சில மாதச் செலவுக்கான அனுமதி) கேட்க வேண்டும். உங்களுக்கு என்ன கட்டாயம்? பத்தாண்டுத் தாளை மே மாதத்தில் போட்டால் குடி முழுகிவிடுமா? மாதா மாதம் தணிக்கைத் துறை இணையத்தில் ஏற்றும் முதன்மைக் குறியீடுகளை, அதாவது மாத வரவு செலவுத் தாளை, எடுத்துப் பாருங்கள். மார்ச் மாதத்துக்கான தாள் வந்த அன்று, உங்கள் திருத்திய மதிப்பீட்டை அதன் பக்கத்தில் வைத்து, வரி வரியாகக் கழித்துக்காட்டுங்கள். அதைச் செய்யாமல் போட்ட அட்டவணையை நான் அட்டவணை என்றே சொல்ல மாட்டேன்.

முன்னோக்கி:
நீங்கள் சுத்தம் செய்த அடிப்படையோடு ஒரு அட்டவணை போட்டுக்காட்டுங்கள். பிறகு பேசுகிறேன். இதுவரை மற்றவர்கள் போட்டதை உடைத்ததைத் தவிர நீங்கள் ஒரு எண்ணும் முன்வைக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
5,739 என்ற எண்ணை முன்வைத்தேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.

முன்னோக்கி:
0.8 சதவீதமும் 1.4 சதவீதமும். முதல் பதிவிலேயே பதில் இருக்கிறது.

நாலாம்பிறை:
2023 மார்ச் 20 திங்கட்கிழமை. வேலை நாள். பன்னிரண்டு.

தாமிரபரணி:
பதினொன்னு.